முதலில் ஈ.பி. பில், அப்புறம் மேஸ்திரி

ஓசூரில் பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர் முதலில் கூப்பிடுவது மேஸ்திரியைத்தான். அவர் மொட்டை மாடிக்கு ஏறுவார், குதிகாலால் தளத்தை இரண்டு இடத்தில் தட்டிப் பார்ப்பார், "சதுரத்துக்கு இவ்வளவு ஆகும் சார்" என்று ஒரு தொகை சொல்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சோலார்காரர் வருவார். யு.பி.வி.சி. ஜன்னல் கடைக்காரர் டேப்போடு வருவார். மாதக் கடைசிக்குள் மூன்று கொட்டேஷன் மேசை மேல் கிடக்கும். மூன்றையும் கூட்டினால் செலவு தெரிந்துவிடும். கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும் என்று கேட்டால் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். அந்த மூன்று எண்களையும் கூட்டிப் பார்த்தால், சில வீடுகளில் பில் தொகையையே தாண்டிப் போகும்.

ஆகவே இந்த மதிப்பீட்டைத் தொடங்க வேண்டிய இடம் கடைசி ஆறு மின் கட்டண ரசீதுகள். ஆறும் வேண்டும், ஓசூரில் மார்கழியும் பங்குனியும் ஒரே வீட்டில் இரண்டு விதமான பில்லைப் போடும். ரசீதைத் தொலைத்தவர்கள் மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பழைய ரீடிங்கை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த எல்லையோர வட்டாரத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. விற்பனையாளர்களில் பலர் பெங்களூரிலிருந்து வருகிறார்கள், கணக்கையும் அங்கிருந்தே கொண்டுவருகிறார்கள். கர்நாடகத்தில் மாதா மாதம் பில். 2024 ஏப்ரலிலிருந்து வீடுகளுக்கு அடுக்கு முறையை எடுத்துவிட்டு யூனிட்டுக்கு ஒரே விலை வைத்தார்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், படிப்படியாக ஏறும் விலை. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போட்ட கணக்கு ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் செல்லாது.

நம் விலைப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுவோம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில், மானியம் போக நாம் கட்டுவது இது: இரு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 காணாமல் போகும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. நீங்கள் கணக்குப் போடும் நாளில் ரசீதில் என்ன விலை இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எண் மாறினாலும் கணக்குப் போடும் வழி இதுதான்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 500. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! எந்த கொட்டேஷனிலும் இந்த வரி இருக்காது. ஆனால் ஓசூரில் இரண்டு பேர் சம்பாதிக்கும் நடுத்தரக் குடும்பத்தில் பாதி சண்டை இந்த 500-ஐச் சுற்றித்தான் நடக்கிறது.

அடுத்த வேலை, அந்த யூனிட்டெல்லாம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஆளோ கருவியோ வேண்டாம், மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3,200 என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒரு மின்விசிறியை மட்டும் ஐந்தாம் எண்ணில் ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு நான்கு முறை மின்னினால் அது 75 வாட் இழுக்கும் பழைய விசிறி. பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் இழுக்கும். புள்ளி ஐந்து நிமிடத்தில் எட்டே முறைதான் மின்னும். கீசரைப் போட்டால் எண்ணவே முடியாது: இரண்டு கிலோவாட் கீசருக்கு நிமிடத்துக்கு நூறைத் தாண்டும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் புள்ளி மின்னிக்கொண்டிருந்தால் வயரிங்கில் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது பக்கத்து போர்ஷன் உங்கள் மீட்டரில் ஓடுகிறது. இரண்டையும் ஓசூரில் பார்க்கலாம்.

ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் இந்த எண்ணிக்கை ஒத்துவராது. அவை நின்று நின்று ஓடுபவை. ஸ்டார் லேபிளைப் பாருங்கள். ஃபிரிட்ஜில் இருப்பது ஆண்டுக்கான யூனிட், ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு. ஏ.சி. லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. 1,600-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். ஷோரூமில் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள்.

இனி ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். மத்திகிரிப் பக்கம், ஆயிரம் சதுர அடி, ஒரே தளம், கான்கிரீட் கூரை, பதினைந்து வருட வீடு. நான்கு பேர். குடும்பத் தலைவர் சிப்காட்டில் மூன்று ஷிப்ட் மாற்றி மாற்றிப் போகிறவர். கோடைக் கால பில் ஒன்றில் 700 யூனிட் வந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால்: கீசர் 150, ஏ.சி. 150, நான்கு விசிறிகள் 144, ஃபிரிட்ஜ் 90, போர் மோட்டார் 50, விளக்கு 30, டி.வி., மிக்ஸி, வாஷிங் மெஷின் வகையறா 86. பில் 3,825 ரூபாய்.

வெளியூர்க்காரர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் கீசரில்தான் கண் நிற்கும். சென்னையில் இப்படி இருக்காது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்திலும் விடியற்காலையில் ஆறு மணிக்குத் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்ற மனம் வராது. ஒரு வாளி, இருபது லிட்டர் தண்ணீரை 22 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவரக் கால் யூனிட்டுக்கும் அரை யூனிட்டுக்கும் நடுவில் செலவாகும். நான்கு பேருக்குத் தினம் ஒன்றே முக்கால் யூனிட். கீசரைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போவது, மறந்துவிடுவது எல்லாம் சேர்ந்தால் இரண்டரை. வருடம் முழுக்க ஓடும் சாமான் இது. ஏ.சி. இரண்டு பில்லுக்கு மட்டும் விருந்தாளி.

இப்போது சிக்கனக் கணக்கு. சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தால், மேகமூட்டமான நாட்களைக் கழித்து, 150-ல் 110 யூனிட் மிச்சம் என்று வைப்போம். 700 என்பது 590 ஆகும். பில் 2,796. மிச்சம் 1,029 ரூபாய். அடுத்து நான்கு விசிறிகளையும் பி.எல்.டி.சி.யாக மாற்றினால், நாளுக்குச் சராசரி எட்டு மணி நேர ஓட்டத்தில் 86 யூனிட் குறையும். 590 என்பது 504 ஆகும். மிச்சம் 722 ரூபாய். கடைசியாகச் சமையலறையில் சோக்கு வைத்த ஒரே ஒரு பழைய டியூப்லைட்டைக் கழற்றி எல்.இ.டி. மாட்டினால், தினம் மூன்று மணி நேரத்துக்கு இரு மாதத்தில் ஐந்து யூனிட் மிச்சம். 504 என்பது 499. பில் 1,798 ரூபாய் 70 காசு. அந்த ஒற்றை டியூப்லைட் 275 ரூபாயைக் குறைத்துவிட்டது. அதன் விலையே அவ்வளவுதான் இருக்கும்.

இதைத் தனித்தனிக் கொட்டேஷனாக வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விசிறிக் கடைக்காரரும் 700-லிருந்துதான் இறங்குவார்: 86 யூனிட்டை 9.45-ஆல் பெருக்கி 813 ரூபாய் மிச்சம் என்பார். டியூப்லைட்டுக்கு 47 ரூபாய் என்று வரும், அதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஏணியில் மேல்படியில் இருந்துகொண்டு ஆளுக்கு ஆள் இறங்குவதை அளக்கிறார்கள். முதல் ஆள் இறங்கிய பிறகு அடுத்தவருக்குப் படி மாறிவிடுகிறது. ஆகவே மிச்சக் கணக்கை ஒரே தாளில், வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட வேண்டும். இன்னொரு பிசகும் நடப்பதுண்டு: 3,825-ஐ 700-ஆல் வகுத்து யூனிட் ஐந்தரை ரூபாய் என்று சராசரி எடுப்பது. அப்படி எடுத்தால் 201 யூனிட் மிச்சத்துக்கு 1,100 ரூபாய்தான் வரும். உண்மையில் குறைவது 2,026. மிச்சமாகும் யூனிட் எப்போதும் மேல்படியிலிருந்துதான் கழியும்.

இதே வீட்டின் மார்கழி பில்லையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏ.சி. கிடையாது, விசிறி பாதி, கீசர் கொஞ்சம் கூட. 510 யூனிட் என்று வைப்போம். பில் 2,124. ஹீட்டர் 110-ஐக் குறைத்தால் 400, பில் 1,175. மிச்சம் 949 ரூபாய், கோடையோடு ஏறக்குறையச் சமம். விசிறி அப்போது 43 யூனிட் குறைக்கும். அதன் மதிப்பு 202 ரூபாய்தான். விசிறிகளுக்கு 12,000, ஹீட்டருக்கு 25,000 செலவு என்று கொண்டால், இரண்டும் நான்கு, ஐந்து வருடத்தில் போட்ட பணத்தை எடுத்துவிடும். ஹீட்டரில் இருபத்தைந்தாயிரம் என்பது முழுச் செலவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி ஹீட்டர் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால்தான் அழுத்தம் இல்லாமல் ஓடும் சாதாரண வகை வேலை செய்யும். பல வீடுகளில் சிண்டெக்ஸ் டேங்க் மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும். மாடியிலிருந்து குளியலறை வரை சுடுநீருக்கென்று தனிக் குழாய், அதற்கு மேல் உறை. குழாய் நீளமாக இருந்தால் தினம் காலையில் முதல் அரை வாளி குளிர்ந்த தண்ணீர்தான் வரும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கண்ணாடிக் குழாய் வகையில் உப்புப் படிந்து இரண்டு மூன்று வருடத்தில் கழுவும் செலவு. இவை ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதிக்கொண்டால் பின்னால் 'எக்ஸ்ட்ரா' என்று வந்து நிற்காது.

இனி கூரை. மேஸ்திரிக்குப் பிடித்த வேலை, செலவிலும் பெரியது, ஓசூரைப் பொறுத்தவரை மிச்சத்தில் சிறியது. ஆனாலும் இதைத்தான் நிறையப் பேசியாக வேண்டும்.

வெறும் கான்கிரீட் கூரை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து உள்ளே இறக்கும். பொது ஷிப்ட் போகிறவருக்கு அது மாலை ஆறு மணிப் புழுக்கம், ஜன்னலைத் திறந்தால் எட்டு மணிக்குள் போய்விடும். மூன்றாம் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து, சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுகிறவருக்கு அதே கூரை நேர் எதிரி. ஓசூரில் ஏ.சி. வாங்கும் பல வீடுகளில் அது பகலில்தான் ஓடுகிறது. ஆகவே மதிப்பீட்டில் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இந்த வீட்டில் யார், எந்த அறையில், பகலில் தூங்குகிறார்கள்? அந்த ஓர் அறைக்கு மேலே உள்ள ஒன்றரைச் சதுரத்துக்கு மட்டும் கூரை வேலை செய்தால் போதுமா என்று பார்க்கலாம். பத்துச் சதுரத்துக்கும் செய்யச் சொல்வது மேஸ்திரியின் விருப்பம்.

எரிசக்தித் திறன் பணியகம் 2018-ல் வீடுகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியே வெப்பம் இறங்கும் அளவு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் கூரையில் இது மூன்றரை வாட்டுக்கு மேல். நான்கு அங்குல செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தாலும் இரண்டரைக்குத்தான் இறங்கும். ஓர் அங்குல கனத்துக்கு அடர்ந்த நுரைப் பலகை வைத்தால் ஒன்றுக்குக் கீழே போய்விடும். 'கூலிங் டைல்ஸ்' என்று விற்கும் வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்புமே தவிர உள்ளே வந்த வெப்பத்தைத் தடுக்காது. அழுக்கேறி மங்கினால் திருப்பி அனுப்புவதும் குறையும். இரண்டும் வேறு வேறு வேலை என்பது கொட்டேஷனில் தெரியாது.

விலையைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக்கு, கணக்குக்காக, சுண்ணாம்புடன் பசை கலந்து இரண்டு கோட்டு அடிக்க 4,000. வெள்ளை ரிஃப்ளெக்டிவ் பெயிண்ட் 30,000. கூலிங் டைல்ஸ் ஒரு லட்சம். நுரைப் பலகை, மேல் பூச்சு, ஓடு சேர்த்து 1,60,000. ஏ.சி. ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று தாராளமாக வைத்தாலும் நம் மத்திகிரி வீட்டில் பில்லுக்கு 50 யூனிட். கோடையில் இரண்டு பில். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள். ஒன்றரை லட்சத்தை இதில் எடுக்க வேண்டுமென்றால் பேரன் காலம் ஆகும். ஓசூர் வீட்டில் கூரை வேலையை 'மின் சிக்கனம்' என்ற தலைப்பில் எழுதவே கூடாது. ஒழுகல் பழுது, பகல் தூக்கம் என்று தனித் தலைப்பு போட்டு எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பணம் போடுவதில் தவறில்லை.

சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில் இறங்கினால் கணக்கு தலைகீழாகும். கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம்தான். சுற்றிலும் பாறைக் குன்றுகள், பங்குனி பிறந்தால் இரவிலும் சூடு விடாது. அங்கே ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் ஓடும். ஒரு பில்லுக்கு 400 யூனிட்டைத் தாண்டும், மொத்தம் ஆயிரத்தை நெருங்கும். மேல்படி விலை 10.50. கூரை வழியே மூன்றில் ஒரு பங்கைத் தடுத்தால் பில்லுக்கு 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம், மூன்று பில்லுக்கு நாலாயிரத்துச் சொச்சம். மாசி மாதத்தில் அடிக்கும் நாலாயிரம் ரூபாய்ச் சுண்ணாம்பு அந்தக் கோடையிலேயே பணத்தைத் திருப்பிவிடும். பெயிண்ட்டுக்கு ஏழெட்டு வருடம். கீசர் அங்கே இரண்டு பில்லுக்குத்தான் பேசும். ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர், ஒரே மாவட்டம், ஒரே விலைப்பட்டியல். முதல் ரூபாயைப் போட வேண்டிய இடம் மட்டும் வேறு.

கூரை வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் மேஸ்திரியோடு மாடிக்கு ஏறுங்கள். கம்பியின் முனையால் பழைய தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தால் சில இடத்தில் கெட்டியாகவும் சில இடத்தில் பொள்ளலாகவும் சத்தம் வரும். பொள்ளல் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். அது பாதிக்கு மேல் இருந்தால் மேலே எதைப் பூசினாலும் வீண், பழையதைப் பெயர்த்தாக வேண்டும். பெயர்ப்பதற்குக் கூலி, கீழே இறக்கக் கூலி, டிராக்டர் வாடகை. புதுத் தளம் நான்கு அங்குலம் உயர்ந்தால் மாடிப்படி அறை வாசற்படிக்கும் தளத்துக்கும் உயரம் ஒன்றாகிவிடும். முதல் மழைக்குத் தண்ணீர் படிக்கட்டு வழியே வீட்டுக்குள் வரும். வாசற்படியை உயர்த்தி, கதவின் அடியை வெட்டி, மழைநீர்க் குழாய் வாயைத் திருப்பி வைத்து, கைப்பிடிச் சுவர் குட்டையானதால் மேலே ஒரு வரிசை கட்டி என்று வேலை நீளும். சதுரத்துக்கு இவ்வளவு என்ற ஒற்றை விலையில் இவை எதுவும் அடங்காது.

ஜன்னல் விஷயத்தில் என் அபிப்பிராயம் சுருக்கமானது: ஓசூரில் மரக் கதவு ஜன்னலைக் கழற்றிவிட்டு ஸ்லைடிங் யு.பி.வி.சி. போடுவது, காசு கொடுத்துக் காற்றைக் குறைத்துக்கொள்வது. இரண்டு தடத்தில் நகரும் ஜன்னலில் பாதிதான் திறக்கும். மேலே சொன்ன விதித்தொகுப்பு, பெங்களூர் போன்ற மிதமான தட்பவெப்ப ஊர்களுக்குத் தரைப் பரப்பில் எட்டில் ஒரு பங்கு திறக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. எண்ணூறு சதுர அடி புழங்கும் பரப்புக்கு நூறு சதுர அடித் திறப்பு. உங்கள் ஜன்னல்களை அளந்து பாருங்கள், பெரும்பாலும் பற்றாது. பைபாஸ் ஓரத்து வீட்டில் லாரிச் சத்தத்துக்காக மாற்றுகிறீர்கள் என்றால் அது நியாயம். அப்போதும் கீல் வைத்து முழுதாகத் திறக்கும் வகையைக் கேளுங்கள். இரட்டைக் கண்ணாடிக்கு இந்த ஊரில் கரண்ட் மிச்சக் கணக்கு கிடையாது.

சோலார் பேனலைக் கடைசியாகச் சொல்கிறேன், கணக்கிலும் அதற்குக் கடைசி வரிசைதான் சரி. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். தினம் நான்கு யூனிட் தரும். கிலோவாட் 70,000 என்று வைத்தால் இரண்டு கிலோவாட்டுக்கு மானியம் போக 80,000. அதை மட்டும் செய்து வேறெதையும் தொடாமல் விட்டால் 700-ல் 480 கழிந்து 220 யூனிட்டுக்கு 329 ரூபாய் பில். மாறாக ஹீட்டர், விசிறி, டியூப்லைட் வேலையை 37,300-க்கு முடித்துவிட்டு, மிச்ச 499-க்கு ஒரே கிலோவாட்டை 40,000-க்கு வைத்தால் 259 யூனிட், 512 ரூபாய் பில். செலவு 77,300.

ஆக, இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே செலவு, ஒரே பில். 'முதலில் சிக்கனம், பிறகு சோலார்' என்று நிபுணர்கள் சொல்வது மானியம் வந்த பிறகு பண அளவில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தரவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் வாரிய மின்சாரத்தோடு இணைந்த சோலாரும் நின்றுவிடும், பி.எல்.டி.சி. விசிறி அதே இன்வெர்ட்டர் பேட்டரியில் இரண்டு மடங்கு நேரம் சுற்றும். மாடியில் இருநூறு சதுர அடி நிழலில்லா இடம் இல்லாத வீடுகள் நிறைய. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பினால் உள்ள வெயிலும் போய்விடும். அடிக்கடி வீடு மாறுகிறவர் விசிறியைக் கழற்றிக்கொண்டு போகலாம். நிரந்தரமாகச் சொந்த வீட்டில் இருக்கிறவர், விரிந்த மாடி உள்ளவர் என்றால் பேனலை முதலில் வைத்தாலும் நஷ்டமில்லை. அப்படி வைத்துவிட்டால் பிறகு ஹீட்டரின் மிச்சம் பில்லுக்கு ஆயிரத்திலிருந்து முந்நூறாக விழும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வையுங்கள்.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. மீட்டர் தனித்தனி, பெரும்பாலான குடித்தனங்கள் 200 யூனிட்டுக்குள். பில்லே 235 ரூபாயைத் தாண்டாதபோது மிச்சத்துக்கு இடமேது. அங்கே தகரக் கூரைக்கும் தாழ்ந்த தளத்துக்கும் மாசியில் வெள்ளை அடித்துக் கொடுங்கள், ஆள் தங்குவார்கள்.

இனி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். இடது பக்கம் வேலை, அளவு, விலை, வரி. அளவை நீங்களே டேப் பிடித்து எடுங்கள். கொத்தனார் கூலிக்குத் தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் ஆண்டு விலைப்பட்டியலை ஒரு ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓசூரில் நல்ல கொத்தனார் காலையில் சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போகிறவர். அவரை இங்கே நிறுத்தப் பெங்களூர்க் கூலி கேட்பார், அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வரியில் ஒரு எச்சரிக்கை: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கும் சோலார் ஹீட்டருக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம், ஏ.சி.க்கும் சிமெண்டுக்கும் 28-லிருந்து 18. பழைய கொட்டேஷனைத் தூசி தட்டி நீட்டினால் வரி வரியைப் பாருங்கள். பெங்களூரிலிருந்து சரக்கு எடுத்தால் வரி விகிதம் ஒன்றுதான், லாபம் இல்லை. ஐம்பதாயிரத்துக்கு மேல் மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். மானியத்தோடு பேனல் வைக்க, நம் மின்வாரியப் பகுதிக்கு அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற விற்பனையாளராக இருக்க வேண்டும், பேனல் உள்நாட்டுச் செல் போட்டதாக இருக்க வேண்டும். இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

வலது பக்கம் மிச்சம்: ஆறு பில்லுக்கும் தனித்தனியாக, ஒன்றன் கீழ் ஒன்றாக. அடியில் எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம். கூரையைப் பெயர்ப்பதாக இருந்தால் பதினைந்து. கடன் வாங்கிச் செய்கிறீர்கள் என்றால் முதல் வருட வட்டியையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். நகைக்கடன் வட்டியில் வாங்கி ஏழு வருடத்தில் திரும்பும் வேலையைச் செய்வது யாருக்கும் கட்டுப்படியாகாது.

வேலை வரிசையையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். விசிறி, விளக்கு முதல் நாளே மாற்றலாம். கூரைப் பழுது, பிறகு தொட்டி ஸ்டாண்டு, பிறகு ஹீட்டர், கடைசியில் பேனல். பேனலின் கால்களை ஊன்றிவிட்டால் அதன் அடியில் எந்தப் பூச்சும் சரியாகப் போட முடியாது. ஊன்றுவதற்கு முன் மழைநீர்க் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, தளத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடுங்கள். கீழே அறைக்கு அறை விட்டத்தைப் பாருங்கள். ஈரம் தெரியவில்லை என்றால் மேஸ்திரிக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். பேனல்காரருக்குப் பத்து சதவீதத்தை நிறுத்தி வைத்து, இருவழி மீட்டர் பொருத்திய பிறகு வரும் முதல் ரீடிங் அன்று கொடுங்கள்.